பல் கணக்கும் பூண்டுக் கணக்கும்

“அரை மணி நேரத்துல அனுப்பிருவோம் மேடம்! சேதாரமெல்லாம் சேத்துத்தான் சொல்றேன்!”

போன சனிக்கிழமை காலையில் ஸ்பீக்கர் போனில் இப்படி ஒரு வாக்குக் கொடுத்தவர் தண்டபாணி அண்ணன். என் பெரியப்பா மகன். மேல்மலையில் பூண்டு விவசாயம். வாக்குக் கொடுத்தது, கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு கம்பெனியின் சூப்பர்வைசர் மேடத்துக்கு. வேலை அண்ணனுடையது அல்ல, பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி மல்லிகா மதினியுடையது. மதினியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்...

மேடமும் லேசுப்பட்டவர் இல்லை.

“அரை மணி நேரம்தானா? நாளைக்கு ராத்திரி வரைக்கும் டைம் குடுக்கலாம்னு இருந்தேன். அப்ப இன்னிக்கே முடிச்சிருங்க. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முழு டிஸ்க்கும் எங்க சர்வருக்கு வந்துட்டா, மல்லிகா வீட்லருந்தே வேலை பார்க்கலாம். வரலைன்னா திங்கட்கிழமை இங்க வந்து ஜாயின் பண்ணிருங்க. ஹாஸ்டல்ல இடம் சொல்லி வைக்கிறேன்.”

போன் கட்டாகிவிட்டது.

“ஏங்க, உங்ககிட்ட அவங்க கேட்டாங்களா?” என்றார் மதினி.

“கணக்குப் போட்டுத்தான சொன்னேன்” என்றார் அண்ணன்.

கணக்குப் போட்டுத்தான் சொன்னார். அதுதான் வினையே!

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். மதினி பழனிக்காரர். அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு ஸ்டூடியோவில் வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தார். அதில் கெட்டிக்காரர். மலை ஏறி வந்த பிறகு ரெண்டு வருடமாக அந்த வேலை இல்லை. மூட்டைக்குச் சாக்குத் தைக்கும்போதுகூட, ‘இந்த இடத்துல ஒரு கட் வச்சா நல்லா இருக்கும்’ என்கிற மாதிரியே எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்.

கோயம்புத்தூர் கம்பெனிக்காரர்கள், மூடிப்போன ஸ்டூடியோக்களின் பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி, அதில் கிடக்கும் கல்யாண வீடியோக்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி உரியவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வாங்கிய இடத்திலிருந்து நேராக நமக்குக் கூரியரில் டிஸ்க் வரும். அதில் இருப்பதை அப்படியே நெட்டில் அவர்களுக்கு ஏற்றிவிட வேண்டும். பிறகு உட்கார்ந்து எடிட் செய்ய வேண்டும். மதினிக்குச் சோதனையாக ஒரு டிஸ்க்கும் ஒரு லேப்டாப்பும் வந்திருந்தன. வேலை உறுதியாகிவிட்டது. எங்கே உட்கார்ந்து செய்வது என்பதுதான் பாக்கி. இங்கேயா, கோயம்புத்தூரிலா?

கோயம்புத்தூர் என்றால் மதினி அங்கே, அண்ணன் இங்கே. பூண்டுக் காட்டைத் தூக்கிக்கொண்டு அவரும் பின்னால் போக முடியுமா?

இதற்காகவே அண்ணன் ஊரில் முதல் ஆளாக ஃபைபர் கனெக்‌ஷன் இழுத்தார். வந்து ரெண்டு வாரம்தான் ஆகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு கொடுத்தார். கேட்காதவர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தார். எங்கள் ஊரில் அப்படித்தான்.

நான் நாயுடுபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டேதான் இந்தப் பத்தியை எழுதுகிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? எழுத்து அச்சடித்த எந்தப் பொருள் வீட்டுக்குள் வந்தாலும் அது என் துறை. மாத்திரை அட்டை, கரண்ட் பில், உரமூட்டை, ஹார்ட் டிஸ்க்... எல்லாம்! அன்று லீவில் ஊருக்கு வந்திருந்தேன். மாட்டிக்கொண்டேன்.

அண்ணன் போட்ட கணக்கு இது. டிஸ்க்கின் கொள்ளளவு நாற்பது ஜிபி. அதாவது நாற்பதாயிரம் எம்பி. போனில் ஸ்பீடு டெஸ்ட் பார்த்தால் முப்பது காட்டுகிறது. நாற்பதாயிரத்தை முப்பதால் வகுத்தால் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் விநாடி. அறுபதால் வகுத்தால் இருபத்திரண்டு நிமிடம். மேலே கொஞ்சம் சேதாரம் போட்டு, அரை மணி நேரம். பேனா பேப்பர் கிடையாது. எல்லாம் மனக்கணக்கு. வகுத்தலில் ஒரு பிழை சொல்ல முடியுமா? முடியாது.

மதினி டிஸ்க்கை மாட்டி அப்லோடைத் தட்டினார். திரையில் மீதி நேரம் வந்தது.

பதினோரு மணி நேரம்.

“ஏமாத்திட்டானுக!” என்று எழுந்தார் அண்ணன். “முப்பதுன்னு சொல்லி வித்துட்டு, ஒண்ணுதான் குடுக்குறானுக. பாரு, இந்த ஓரத்துல ஒண்ணுன்னு போட்டிருக்கு!”

அவர் சொன்னதும் பொய்யில்லை. லேப்டாப்பில், விநாடிக்கு ஒரு எம்பி என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வாசல் கட்டைச் சுவரில் உட்கார்ந்து எங்கள் வைஃபையில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த கருப்பாயி சித்தி எட்டிப் பார்த்தார். எங்கள் சின்ன தாத்தா வீட்டு மருமகள். வாய்க்குப் பூட்டு இல்லாதவர்.

“நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல? வயரு மரத்து மேலயே வருது. குரங்கு கடிச்சிருக்கும். உள்ளாற பாதிதான் வருது.”

“குரங்கு கடிச்சா மொத்தமா நின்னு போகும் சித்தி” என்றேன்.

“ஏலே பத்திரிகைக்காரா, உனக்குக் குரங்கப் பத்தி என்ன தெரியும்?”

உண்மையைச் சொல்கிறேன்... முதலில் நானும் வயரைத்தான் சந்தேகப்பட்டேன். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். பாட்டுப் போட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தேன். மதினி பரண் மேலிருந்து டிராவல் பேக்கை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்தார். அண்ணன் அதைப் பார்க்காத மாதிரி வெளியே மலையைப் பார்த்தார். வெளியே மலையும் தெரியவில்லை. பனி மூட்டம்.

அப்போதுதான் போனை வைத்துவிட்டு, கணக்கைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

“அண்ணே, நீங்க ரெண்டு அளவைக் கலந்துட்டீங்க. வயர்ல வர்ற முப்பது பிட் கணக்கு. டிஸ்க்ல இருக்கிற நாற்பதாயிரம் பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட்...”

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் என் பட்டப்படிப்பு முழுவதும் வீண் என்று தெரிந்தது.

தலைக்கு மேலே கயிற்றில் விதைப்பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அடுப்புப் புகை படுவதற்காக எங்கள் வீடுகளில் அப்படித்தான் கட்டித் தொங்கவிடுவோம். ஒன்றைப் பிய்த்து அண்ணன் கையில் கொடுத்தேன்.

“இது டிஸ்க்குக் கணக்கு. டிஸ்க் செய்யிறவங்க முழுப் பூண்டா எண்ணுவாங்க. நெட் குடுக்கிறவங்க பல்லு பல்லா எண்ணுவாங்க. விநாடிக்கு முப்பது பல்லு அனுப்புறோம்னு அவங்க சொல்றாங்க. நீங்க முப்பது பூண்டுன்னு நெனச்சு, நாப்பதாயிரம் பூண்டை வகுத்துட்டீங்க.”

அண்ணன் பூண்டைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

“ஏண்டா அப்படி எண்ணுறானுக?”

நல்ல கேள்விதானே? தகவல் அனுப்புகிறவர்கள் தந்தி காலத்து வழிவந்தவர்கள். ஒவ்வொரு தட்டாக எண்ணிப் பழகியவர்கள். டிஸ்க் செய்கிறவர்கள் சேர்த்து வைப்பவர்கள். ஒரு பைட் என்பது அவர்களுக்கு ஒரு எழுத்து மாதிரி. ஒரு முழு எழுத்தைத்தானே சேர்த்து வைக்க முடியும்? பாதி ‘அ’வை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிட் அனுப்புகிறவர்களின் அளவு, பைட் சேமிக்கிறவர்களின் அளவு. ரெண்டு பேரும் நேர்மையானவர்கள்தான். நடுவில் நிற்கிற நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

“சரி, பூண்டுக்கு எட்டுப் பல்லா?” என்றார் அண்ணன். “நம்ம மலைப்பூண்டுல பத்துப் பல்லு வருமே?”

“பத்தாவே வச்சுக்கங்கண்ணே. அதுதான் சரியா வரும். எட்டால வகுக்கணும்னுதான் புத்தகத்துல இருக்கு. ஆனா அனுப்புற ஒவ்வொரு பொட்டணத்துக்கும் மேல விலாசம், முத்திரைன்னு கொஞ்சம் எடம் போயிரும்.”

“தோலு, காம்பு.”

“ஆங்! தோலு, காம்பு! அந்தக் கழிவையும் சேத்தா, பத்தால வகுத்தா ஏறக்குறைய சரியா இருக்கும்.”

“முப்பது பல்லுன்னா மூணு பூண்டு” என்றார் அண்ணன். கண்ணை மூடினார். “நாப்பதாயிரத்த மூணால வகுத்தா... நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி.”

மதினி பேக்கைத் தூசி தட்டுவதை நிறுத்தினார்.

“நாலு மணி நேரம்னா ஆறு மணிக்குள்ள முடிஞ்சிரும்ல தம்பி? அப்புறம் ஏன் பதினோரு மணி நேரம்னு காட்டுது?”

அதுதானே! வயரில் மூன்று பூண்டு போக வழி இருக்கிறது. ஆனால் ஒன்றுதான் போகிறது. அப்படியென்றால் அடைப்பு வயரில் இல்லை. வயருக்கு வந்து சேர்வதே ஒன்றுதான்!

டிஸ்க்கிலிருந்து வரும் கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். அது லேப்டாப்புக்கு நேராகப் போகவில்லை. நடுவில் ஒரு பழைய யுஎஸ்பி ஹப். ஒரு ஓட்டையை நாலு ஓட்டையாக்கும் சின்னப் பெட்டி. என்றைக்கோ பழனி பஸ் ஸ்டாண்டில் அண்ணன் வாங்கியது. திருப்பிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: பன்னிரண்டு. மெகாபிட்டில்.

“பன்னெண்டு பல்லு” என்றேன்.

“ஒரு பூண்டு, ரெண்டு பல்லு” என்றார் அண்ணன் உடனே. “அதான் ஒண்ணு காட்டுதா! அடப்பாவி, வயர்க்காரன திட்டித் தீத்துட்டேனேடா!”

அந்தக் காலத்து வேகம் அது. பழைய டிஸ்க்கேகூட அதைவிடப் பல மடங்கு வேகமாகக் கொடுக்கும். நேராக மாட்டினால் விநாடிக்கு இருபது பூண்டுக்கு மேல் வாரிக் கொட்டும். பிறகு ஏன் நேராக மாட்டவில்லை?

மதினி லேசாகத் தலையைக் குனிந்தார். “எடம் இல்ல தம்பி.”

லேப்டாப்பில் இருந்த ரெண்டு நல்ல போர்ட்டிலும் ரெண்டு போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் மோடமும் லேப்டாப்பும். வைஃபைக்கு வருகிறவர்கள் போனை லேப்டாப்பில் சொருகிவிட்டு உட்காருவார்கள். மதினிக்கு வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ரெண்டில் ஒன்று பக்கத்து வீட்டு மாமாவுடையது. இன்னொன்று...

“ஏலே, அந்தப் போன எடுக்காத. இப்பத்தான் ஏறுது” என்றார் கருப்பாயி சித்தி.

“சித்தி, உங்க கையில ஒரு போன் இருக்கே?”

“இது மகளோடது. அது என்னோடது. என்னோடதுல சார்ஜ் இல்லேன்னுதான மகளோடதப் பாக்குறேன்?”

போன்களைப் பிடுங்கினோம். ஹப்பைத் தூக்கி மூலையில் போட்டோம். டிஸ்க்கை நேராக மாட்டினோம். அப்லோடு மறுபடி தொடங்கியது. மூவரும் குனிந்து பார்த்தோம். ஒன்று... ஒன்றேகால்... ஒன்றரை.

ஒன்றரையிலேயே நின்றுவிட்டது. மீதி நேரம்: ஏழரை மணி நேரம்.

அப்போது மதியம் ஆகிவிட்டிருந்தது. மதினி ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். கட்டைச் சுவர் நெடுக ஆட்கள். சித்திக்கு சீரியல். மாமாவுக்குக் கபடி. யாரோ ஒருவர் அறுவடை வீடியோவை யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார். முப்பது பல்லில் பாதி வாசலிலேயே தீர்ந்துகொண்டிருந்தது.

“எந்திரிச்சுப் போங்கன்னு எப்படிச் சொல்றது?” என்றார் அண்ணன். “நானே கூப்பிட்டுக் குடுத்தது...”

மதினி யோசித்தார். அவர் மலைக்கு வந்து ரெண்டே வருடம். ஆனால் பாருங்கள், எங்களுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

“ஏங்க, தண்ணிக்கு நீங்க முறை வைக்கிறீங்கள்ல? அதே மாதிரி இதுக்கு வச்சா என்ன?”

எங்கள் ஊரில் எல்லாக் காட்டுக்கும் ஒரே ஓடைதான். சோலையிலிருந்து வருகிற தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். இன்ன நேரம் இன்னார் முறை என்று கோயில் மைக்கில் சொல்லிவிட்டால், வேறு யாரும் ஓஸ் குழாயைத் திறக்க மாட்டார்கள். பங்காளியாக இருந்தாலும் சரி, பகையாளியாக இருந்தாலும் சரி. மீறித் திறந்தால் அம்மனுக்கு ஒரு தேங்காய் அபராதம். தேங்காய் பெரிதில்லை. ஊர் பார்க்க உடைக்க வேண்டும். அதுதான் பெரிது!

அண்ணன் கோயிலுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. மைக் டெஸ்ட்டிங்குக்கு ஒரு இருமல், பிறகு:

“ஊர்ப் பொதுமக்களுக்கு அறிவிக்கிறது என்னன்னா... இன்னிக்கு இப்பருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும், எங்க வீட்டு வைஃபை மல்லிகா முறை. யாரும் தொறக்க வேண்டாம். இது நடந்தாத்தான் எம் பொண்டாட்டி ஊருல இருப்பா... நடக்கலேன்னா கோயம்புத்தூருக்குப் போயிருவா. நான் தனியாத்தான் கெடக்கணும். எல்லாரும் ஒத்துழைக்கணும்.”

மதினி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். வெட்கமா, சிரிப்பா, தெரியவில்லை.

வாசலில் முதலில் எழுந்தது கருப்பாயி சித்தி. சீரியல் ஓடிக்கொண்டிருந்த திரையை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்தார்.

“இன்னிக்குத்தாம்ல அவ மாமியாகிட்ட உண்மையச் சொல்லப் போறா... சரி, போகுது. ஏத்தா மல்லிகா, இதச் சொல்றதுக்கு மைக்கு எதுக்கு? எங்கிட்டச் சொன்னா நான் வெரட்ட மாட்டனா?” என்று போனை அணைத்துவிட்டு, சுவரில் இருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினார். “என்ன பாத்துக்கிட்டு இருக்கீக? அமத்துங்க! முறைன்னா முறைதான!”

ஒவ்வொரு போனாக அணைந்தது. நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றரை, ரெண்டு, ரெண்டரை... மூன்று. மீதி நேரம் நாலு மணி நேரத்துக்குக் கீழே இறங்கியது.

ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. அதுதான் ஆச்சரியம்! போனும் இல்லாமல், சீரியலும் இல்லாமல், சும்மா உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஒரு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது ஊர். அரை மணிக்கு ஒரு தடவை, “எம்புட்டு ஆச்சு?” என்று கேட்பார்கள். நான் சதவீதத்தில் சொன்னேன். அண்ணன் பூண்டில் சொன்னார். அவர் சொன்னதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போனால் பத்தி எப்படி? பாதியைத் தாண்டியதும் வேகம் திடீரென்று இறங்கியது. ரெண்டு... ஒன்றரை...

“யாரோ தொறந்துட்டாக!” என்று அலறினார் சித்தி. போலீஸ் தோற்றுவிடும். ஒவ்வொருவரிடமும் போனை வாங்கித் திரையைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் அணைந்திருந்தன. கடைசியில் அடுப்படிப் பக்கம் போய் நின்றார்.

“ஏலே தண்டபாணி, கையில என்ன?”

அண்ணன் போனைப் பின்னால் மறைத்தார். மறைத்து என்ன பிரயோஜனம்? லேப்டாப்பில் அப்லோடு ஓடுவதை அண்ணன் நீளமாக வீடியோ எடுத்து, ‘இன்னைக்கு எங்க வீட்டு முறை’ என்று பேசி, ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வைஃபையிலேயே!

“சந்தோசத்துல ஒரு சின்ன...”

“தேங்கா!” என்றார் சித்தி. “பெரிய தேங்காயா ஒண்ணு. நாளைக்கு வெள்ளனே, ஊரு பாக்க ஒடைக்கிற.”

மதினி சிரித்த சிரிப்பு இருக்கிறதே... ரெண்டு வருடத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஐந்தரைக்கெல்லாம் கடைசிப் பூண்டும் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மேடம் கூப்பிட்டார்.

“வந்துருச்சு மல்லிகா. முழுசா இருக்கு. ஆனா, அரை மணி நேரம்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே?”

“அளவு மாறிப்போச்சுங்க மேடம்” என்றார் மதினி. “ஒரு டிஸ்க்குக்கு நாலு மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு டிஸ்க்கு. அதுக்கு மேல ஒத்துக்க மாட்டேங்க.”

அண்ணன் ‘இன்னொன்று சேர்த்துச் சொல்லு’ என்று விரலைக் காட்டினார். மதினி அந்த விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அதுவே போதும்” என்றார் மேடம். “திங்கட்கிழமை பத்து மணிக்கு வேலையை ஆரம்பிச்சுருங்க. வீட்லருந்தே.”

வாசலில் எழுந்த சத்தத்தில் மேடம் பயந்துவிட்டார். “அங்க என்ன திருவிழாவா?” என்றார்.

யோசித்துப் பார்க்கிறேன். அன்று யாரும் பொய் சொல்லவில்லை. நெட் கம்பெனிக்காரன் முப்பது என்றான், உண்மை. டிஸ்க் நாற்பது என்றது, உண்மை. அண்ணன் வகுத்ததும் சரி. உண்மைகள் எல்லாம் தனித்தனி அளவில் இருந்தன, அவ்வளவுதான். வீட்டில், ஆபீஸில் நாம் போடுகிற சண்டைகளில் பாதி இப்படித்தானோ? ஒருத்தர் பல்லாக எண்ணுகிறார். ஒருத்தர் பூண்டாக எண்ணுகிறார். ரெண்டு பேரும் அடித்துச் சத்தியம் செய்கிறார்கள்!

அப்புறம் இன்னொன்று. ஆள் ஆளுக்கு வயரைத் திட்டினோம். குரங்கைக்கூட விடவில்லை. கடைசியில் அடைப்பு நம் கைக்கெட்டும் தூரத்தில், நாமே வாங்கி வைத்த பெட்டியில் இருந்தது. வேகம் குறைந்தால் முதலில் தூரத்தைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் பாருங்கள்.

திங்கட்கிழமை காலை மதினிக்கு முதல் நாள் ஆபீஸ். அடுப்படியிலிருந்து அடுத்த அறை. பத்து மணிக்குப் போக வேண்டியவர், பத்து நிமிடம் லேட்டாம்.

போகிற வழியில், அண்ணனோடு பூண்டுக் காட்டில் ஒரு சோலி இருந்ததாம்!